அலையாத்திக் காட்டுக்கு ஒரு ஜெபச் சுற்றுலா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் சபையில் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். போதகரைப் பார்த்து, நடுத்தண்ணீரில் படகில் வைத்து, வாயை மூடச் சொன்னவள் நான்தான். அதற்காகச் சிலர் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேச வேண்டாம். ஆனால் அன்றைக்கு நடந்ததை அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் என் அக்காவின் கண்ணில் ஆரம்பித்தது. நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள், நடுவில் அண்ணன், கடைசியில் நான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பசுமலையில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் அடுத்த தெருவில் இருக்கிறேன், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. அண்ணன் சபைக் கமிட்டியில் இருக்கிறார். அவருக்கு அதுதான் வேலை, அதுதான் சாப்பாடு, அதுதான் தூக்கம்.

அக்காவுக்குக் கண்ணில் நீரழுத்தம். வலி கிடையாது, அதுதான் அந்த நோயின் அயோக்கியத்தனம். ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு தாளைக் குழலாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துப் பாருங்கள், அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அந்த வட்டமும் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆபரேஷன் செய்தால் அழுத்தம் குறையும், இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம், போனது வராது, இருப்பதும் நிலைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் வைத்து அக்கா சொன்னாள்.

"பாப்பா, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு பூநாரையப் பாத்துரணும்."

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"பூநாரையா? எதுக்குக்கா?"

"பிள்ளைகளுக்கு அத்தன வருசமா போர்டுல வரைஞ்சு போட்டேன். எல்லாம் புஸ்தகத்தப் பாத்துத்தான். ஒரு தடவகூட நேர்ல பாத்ததில்ல." ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வேற பறவை எனக்கு இனிமே ஆகாது. காக்கா குருவியக்கூட புடிக்க முடியல. நான் கண்ணத் திருப்பித் தேடுறதுக்குள்ள போயிருது. பூநாரைதான் ஒரே எடத்துல நிக்குமாம். நின்னாத்தான் எனக்குத் தெரியும்."

அதை அவள் கண்ணீர் விட்டுச் சொல்லவில்லை. பால் கார்டு வாங்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

விசாரித்தேன். ராமநாதபுரம் தாண்டிக் கடலோரத்தில் ஓர் அலையாத்திக் காடு இருக்கிறது. உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வேர்களை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற மரங்கள். நடுவில் கால்வாய். அதில் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். கால்வாய் கடலில் சேருகிற இடத்தில் ஒரு மணல் திட்டு. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் வந்து நிற்கும், வெயில் ஏறினால் கிளம்பிவிடும். படகுக்காரர் ஒருவரின் நம்பர் கிடைத்துப் பேசினேன். அவர் நல்ல மனுஷன்.

"ரெண்டு பேரா? தாராளமா வாங்கம்மா. விடியக்காலையில வந்துருங்க. தண்ணி வத்திக் கெடக்கும், அதுக மேஞ்சுகிட்டு அசையாம நிக்கும். சத்தம் மட்டும் ஆகாது" என்றார்.

இரண்டு பேர். பஸ்ஸில் போய் முதல் நாளே தங்கிவிடுவது என்று முடிவு. இதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

ஆனால் எங்கள் ஆட்களால் இதோடு விட முடியாது. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் என்று ஒன்று உண்டு. அதில் ஆளாளுக்கு ஜெப விண்ணப்பம் சொல்ல வேண்டும். மகளுக்கு வரன் வந்தாலும் சொல்ல வேண்டும், வயிற்றுப்போக்கு வந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், நம்மிடம் மறைத்துவிட்டார்களே என்று பொருமுவார்கள். சொல்லிவிட்டாலோ அது அதற்கப்புறம் உங்கள் விஷயம் இல்லை, சபை விஷயம். அக்கா காலமெல்லாம் இதற்குப் பழகியவள். ஆபரேஷனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் ஒரு பூநாரை பார்க்கப் போகிறேன், அந்தப் பயணத்துக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஐயர் உருகிவிட்டார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் கெட்டவர் இல்லை. இரக்கம் உள்ளவர்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அக்காவின் தலையில் கைவைத்து, வெகுநேரம் ஜெபித்தார். ஆமென் சொல்லி எல்லோரும் கண்ணைத் திறந்தபோது அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அக்காவ இந்தக் கண்ண வச்சுக்கிட்டு பஸ்ல தனியா அனுப்பவா? சபையே போவோம். நம்மளும் கர்த்தருடைய படைப்பப் பாத்த மாதிரி இருக்கும்."

எல்லோருக்கும் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபோது பஸ் பேசியாகிவிட்டது. அடுத்த வாரம் கோயில் கேட்டில் ஃப்ளெக்ஸ் தொங்கியது. ‘அலையாத்திக் காடு ஜெபச் சுற்றுலா’ என்று பெரிய எழுத்து. ஒரு பக்கம் ஐயர், மறு பக்கம் அண்ணன் கும்பிட்டுக்கொண்டு, நடுவில் பூநாரை. அதுவும் ஏதோ வெளிநாட்டுப் பறவை, உடம்பு முழுக்க ரோஸ் பெயின்ட் அடித்தது மாதிரி. நம் ஊருக்கு வருவது கிட்டத்தட்ட வெள்ளை என்று யார் போய்ச் சொல்வது. பார்க்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் வீட்டுக்கே போய்விட்டேன்.

"அண்ணே, அது சத்தம் கேட்டாப் பறந்துரும். அக்காவுக்குப் பறக்குறது தெரியாது. நின்னாத்தான் தெரியும். நாங்க ரெண்டு பேரும் மொதல்ல போயிட்டு வந்துருறோம், நீங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு அப்புறமாப் போங்க."

"ஏன், அக்கா ஒனக்கு மட்டும்தான் அக்காவா?"

இப்படி ஒரு கேள்வியைப் போட்டு வாயை அடைப்பதில் அண்ணன் கெட்டிக்காரர். கேட்டுவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அக்காவிடம் வந்து கத்தினேன். அவளோ, "விடு பாப்பா. ஆசையா வாராக. வேண்டாம்னா மொகம் சுண்டிப் போயிரும். நாம நம்ம பாட்டுக்குப் பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டாள். அவள் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து முழுங்கினேன்.

போகிற நாளில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி கொடுத்தார்கள். பஸ் கிளம்புவதற்கு ஒரு ஜெபம். கிளம்பியதும் பாட்டு. டோலக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். மானாமதுரை தாண்டும் முன்பே விடிந்துவிட்டது. பரமக்குடியில் டிபன். ஆளுக்கொரு தோசை வந்து முடிவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. சரி, இனி நேரே போய்விடுவார்கள் என்று பார்த்தால், பக்கத்து ஊரில் இன்னோர் ஐயர் இவருக்குப் பழக்கமாம், எட்டிப் பார்க்காமல் போனால் வருத்தப்படுவாராம். அங்கே போனோம். பஸ் நிறைய ஆளைப் பார்த்து அவர் வீட்டம்மா பாவம் திகைத்துப்போய்க் காபி போட்டார்கள். பால் வாங்க ஆள் ஓடியது. மறுபடி ஜெபம். அங்கிருக்கும்போதுதான் படகுக்காரர் போன் செய்தார்.

"அம்மா, எங்க இருக்கீங்க? தண்ணி ஏறுது. நெறைய பறவ போயிருச்சு. கொஞ்சந்தான் நிக்கிது."

அண்ணனிடம் சொன்னேன். "அதெல்லாம் நிக்கும், அவரு கைல இருக்கு" என்று மேலே காட்டினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன், எல்லோரும் பார்க்கத்தான் அடித்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. படகுத்துறையில் ஒரு பெண் நின்று நிதானமாகச் சொன்னார். பிளாஸ்டிக் கூடாது, தின்பண்டம் கூடாது, பாட்டு கூடாது, பறவை இருக்கிற இடத்தில் பேச்சே கூடாது. எங்கள் ஆட்கள் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டிக்கொண்டே முறுக்குப் பாக்கெட்டை லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகினார்கள். கண்ணால் பார்த்தேன். இந்த ஊரில் எந்த அறிவிப்புப் பலகையையும் நாங்கள் படிப்போம், பக்கத்தில் நின்று போட்டோ எடுப்போம், அது எங்களுக்குச் சொன்னது என்று மட்டும் ஒருநாளும் நினைக்க மாட்டோம்.

முதல் படகில் முன் வரிசையை அக்காவுக்குக் கொடுத்தார்கள். மரியாதையாம். அவளுக்கு ஒரு பக்கம் ஐயர், மறு பக்கம் அண்ணன் என்று ஏற்பாடு. அண்ணனை எழுப்பி அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அதற்கு ஒரு முறைப்பு. பின்னால் இரண்டு படகில் மற்றவர்கள்.

கால்வாய்க்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் எல்லோரும் அடங்கித்தான் போனார்கள். இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து குளுமையாக இருந்தது. சேற்றில் குச்சி குச்சியாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. சின்னச் சின்ன நண்டுகள் ஓடின. அக்காவுக்கு நண்டு தெரியவில்லை, வேர் தெரிந்தது. வேர் அசையாது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "எம்புட்டு வேருடி" என்று என் காதில் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு, சரி, எல்லாம் நல்லபடியாக நடந்துவிடும் போல என்று ஒரு நம்பிக்கைகூட வந்தது.

மரங்கள் முடிகிற இடத்தில் படகுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டு, கம்பை ஊன்றித் தள்ளினார். திரும்பிப் பார்த்து, வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"நிக்கிது. பேசாதீங்க. நல்லா நிக்கிது."

எதிரே தண்ணீர் விரிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், திட்டின் ஓரத்தில், ஒரு சின்னக் கூட்டம் வெள்ளையாக நின்றது. வழியில் பார்த்த கொக்கைவிட உயரம். நான் அக்காவின் தாடையைப் பிடித்து மெள்ளத் திருப்பினேன். அவளுக்கு எதையும் அப்படித்தான் காட்ட வேண்டும். கையை நீட்டி, அங்கே பார் என்றால் ஆகாது. தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அந்த வட்டத்துக்குள் பொருளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

"இன்னும் எடது. இல்ல, ரொம்பப் போயிட்ட. தண்ணி முடியிற கோடு தெரியுதா?"

"தெரியுது."

"அந்தக் கோட்டோட வா. மெதுவா வா."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "என்னமோ வெள்ளையா..." என்று ஆரம்பித்தாள்.

"ஸ்தோத்திரம்" என்றார் ஐயர்.

மெதுவாகச் சொல்லவில்லை. ஆராதனையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, முழுக் குரலில் சொன்னார். பின்னால் இருந்த படகுகளுக்கு அது போதும். அல்லேலூயா என்று மொத்தப் பேரும் எழுப்பிய சத்தம் தண்ணீரின் மேல் போய் மோதியது. தொடர்ந்து கைதட்டல். எவனோ டோலக்கைக்கூட அடித்தான். அதை எப்படிப் படகில் ஏற்றினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பறவைகள் எழும்பின. எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. இறக்கைக்கு உள்ளே இருந்த சிவப்பு அப்போதுதான் தெரிந்தது. ஆகா, ஆகா என்று போனைத் தூக்கிக்கொண்டு படகு சாயச் சாய நின்றார்கள். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் அக்காவைத் தவிர அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அவள் நான் திருப்பி வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் முடிகிற கோட்டை.

"பாப்பா, எங்க? இப்ப இருந்துச்சே."

"பாருங்கம்மா, எவ்வளவு அருமையா காட்டிட்டார்" என்று ஐயர் அவள் தோளைத் தொட்டார்.

அப்போதுதான் சொன்னேன்.

"வாய மூடுங்க ஐயா. மூடித் தொலைங்க. அவளுக்காகன்னு சொல்லி வந்தீங்க, அவளத் தவிர எல்லாரும் பாத்தாச்சு. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் ஒங்களால சும்மா இருக்க முடியாதா? ஒங்க சாமிக்குக் காது கேக்காதா?"

ஒங்க சாமி என்று சொன்னதைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். என் சாமியும் அதே சாமிதான். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அண்ணன், "ஏய், யாருகிட்டப் பேசுற" என்று எழுந்தார், படகு ஆடியது. "நீ உக்காருண்ணே, முதல்ல ஒன்னச் சொல்லணும்" என்றேன். படகுக்காரர் கம்பை எடுத்துப் படகைத் திருப்பினார். திட்டில் ஒரு பறவையும் இல்லை. இனி சாயங்காலம்தான், அதுவும் நிச்சயம் இல்லை என்றார். பஸ்ஸோ சாப்பிட்டதும் கிளம்ப வேண்டும்.

சாப்பாடு பிரியாணி. படகுத்துறையில் ஒரு மர நிழலில் எல்லோரும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்கள். வீடியோவை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவர்கள் எல்லோரிடமும் ஆமா, ஆமா என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு தடவை போகலாமே என்பீர்கள். ஆபரேஷனுக்கு நாள் முன்பே குறித்தாகிவிட்டது, தள்ளிப் போட்டால் இருக்கிற வட்டமும் போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் குனியக் கூடாது, தூசி படக் கூடாது, பஸ்ஸில் குலுங்கக் கூடாது. அதெல்லாம் முடிந்து நான் படகுக்காரருக்குப் போன் செய்தபோது மாசி முடிந்து வெயில் கொளுத்தத் தொடங்கிவிட்டது. "எல்லாம் கெளம்பிருச்சும்மா, இனிமே ஐப்பசிக்கு மேலதான்" என்றார். அக்காவின் வட்டம் அதற்குள் ஓரம் மங்கி, புகை அடித்தது மாதிரி ஆகிவிட்டது. அடுத்த குளிர்காலம் வரை தாங்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொட்டு மருந்து போடுகிற முறையை இன்னொரு தடவை சொன்னார்.

இத்தனைக்கும் பிறகு அண்ணன் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு நன்றி சொல்லவாம். நான் வர மாட்டேன் என்றேன். "நீ வராட்டி என்ன யாரு கூட்டிட்டுப் போவா" என்று அக்கா கேட்டாள். போனேன். அண்ணன் வீட்டு ஹால் நிறைய ஆட்கள். ஐயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நானும் அசைத்தேன். பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்து சாட்சி சொல்லுகிற நேரம் வந்தது. அண்ணன்தான் எழுந்தார்.

"எங்க அக்கா, கண்ணு போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பூநாரையப் பாக்கணும்னு கேட்டுச்சு. கர்த்தர் ஒண்ணு இல்ல, ஒரு கூட்டத்தையே அது கண்ணு முன்னாடி கொண்டாந்து நிறுத்துனார். நம்ம எல்லாரும் சாட்சி."

எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்திருக்கப் போனேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். இதற்கும் சிரித்துக்கொண்டு ஆமாம் போடப் போகிறாளா என்று அவள் மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் என் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"நான் பாக்கல" என்றாள்.

அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை.

"தம்பி சொல்றான். நான் பாக்கல. தேடிக்கிட்டிருந்தேன். கிடைக்கிறதுக்குள்ள போயிருச்சு. நீங்க எல்லாரும் பாத்தீங்க, எனக்கு அதுல சந்தோசந்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் யாராச்சும் சொல்லுங்க. அது நின்னப்ப எப்படி இருந்துச்சு? ஒத்தக் கால்லயா நின்னுச்சு? கழுத்த எப்படி வச்சிருந்துச்சு? சொன்னீங்கன்னா நான் மனசுல வச்சுக்குவேன்."

என்னிடம் இதை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். நான் திசையைத்தான் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் இருந்து ஒரு பெண், "பறந்தப்ப றெக்கைக்குள்ள அப்படியே செவப்பா இருந்துச்சு டீச்சர்" என்றாள்.

"பறந்தது இல்லம்மா. நின்னது."

அண்ணன் அவசரமாகப் போனை எடுத்தார். வீடியோவைப் போட்டார். அல்லேலூயா என்று போன் கத்தியது. கைதட்டல் கேட்டது. முதலுக்குத் தள்ளி மறுபடி போட்டார். மறுபடியும் அல்லேலூயாதான் வந்தது. பக்கத்தில் இருந்தவரும் தன் போனைத் தடவிப் பார்த்தார். எல்லோருடைய வீடியோவும் பறவைகள் எழும்பும்போதுதான் தொடங்கியது. சத்தத்தை அணைக்கத் தெரியாமல் அண்ணன் போனைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

அக்கா ஐயர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "நீங்க எம்பக்கத்துல, முன்னாடிதான இருந்தீங்கய்யா" என்றாள்.



"நான் கண்ண மூடியிருந்தேன்ம்மா" என்றார் ஐயர்.

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, அக்கா பின்னால் கையை நீட்டி, நாற்காலி எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.